பன்னீர் ரோஜா சர்பத்: வீட்டிலேயே தயாரிக்கலாம்

முகூர்த்தம் இல்லாத நாட்களில் ரோஜாப் பூவின் விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாது. அத்தகைய நாட்களில் பூவைச் செடியிலேயே உதிர விடுவதும், சந்தைக்குக் கொண்டு போனதைக் கொட்டிவிட்டு வருவதும் நிலக்கோட்டை, திண்டுக்கல் பகுதி விவசாயிகளுக்குப் புதிதல்ல. மிஞ்சுகின்ற பூவைச் சர்பத்தாகக் காய்ச்சி வைத்தால் என்ன என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் சந்தைக்காக வளர்த்த பூவை இதற்குத் தொடக் கூடாது.

ரோஜாவில் இலைப்பேன், சிலந்திப் பேன், சாம்பல் நோய் ஆகியவற்றுக்கு அடிக்கடி மருந்து தெளிக்கிறார்கள். சூடுவதற்கும் சாமிக்கும் போகிற பூ என்பதால், மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று காய்கறியில் பார்ப்பதைப் போல இதில் யாரும் பார்ப்பதில்லை. ஊடுருவிப் பாயும் மருந்தாக இருந்தால் அது இதழின் உள்ளேயே தங்கிவிடும். உப்புத் தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ எத்தனை முறை அலசினாலும் போகாது. சர்பத்துக்காக இதழை ஊற வைக்கும்போது, அதன் மணத்தோடு மருந்தும் சேர்ந்தே நீரில் இறங்கும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளரும் கொய்மலர் ரோஜாவுக்கும் இதே விதிதான். அதில் மணமும் மிகக் குறைவு.

ஆகவே வரப்போரத்திலோ கொல்லையிலோ பத்துப் பதினைந்து செடிகளைத் தனியே ஒதுக்கி, அவற்றுக்கு எந்த மருந்தும் அடிக்காமல் வளர்க்க வேண்டும். வேரில் இடும் குருணை மருந்தும் கூடாது. அசுவினி கண்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவலாம். சாம்பல் நோய் தாக்கிய கிளைகளை வெட்டி எரித்துவிடலாம். புதிதாக நர்சரியில் வாங்கி நட்ட செடியானால் முதல் பருவத்துப் பூவை உணவுக்கு எடுக்காமல் விடுவது நல்லது. ரகத்தைப் பொறுத்தவரை, எட்வர்டு ரோஜா என்கிற நமது பன்னீர் ரோஜாவே இதற்கு ஏற்றது. ஆந்திர சிவப்பு ரோஜாவில் நிறம் உண்டு, மணம் போதாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பூச்சந்தையில் ரோஜாக் கூடைக்குப் பக்கத்திலேயே அரளிக் கூடையும் இருக்கும். இளஞ்சிவப்பு அரளி உதிரியாகக் கலந்துவிட்டால் சிறுவர்களுக்கு வேறுபாடு தெரியாது. அரளியின் பூ, இலை, பட்டை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் கடும் நஞ்சு. பூ என்றாலே சர்பத் போடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

பறிப்பும் இதழும்

மணம் தரும் எண்ணெய் வெயில் ஏற ஏற ஆவியாகிப் போய்விடும். எனவே அன்று மலர்ந்த பூவை அதிகாலையிலேயே பறித்து, தாமதிக்காமல் அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். காம்பு, பச்சைப் புல்லி, நடுவிலுள்ள மகரந்தத் தாள்கள் ஆகியவற்றை நீக்கி இதழ்களை மட்டும் எடுத்துக்கொள்ளவும். இதழின் அடியில் வெளுத்த பகுதி சற்றுக் கசக்கும். பொறுமை உள்ளவர்கள் அதையும் கிள்ளிவிடலாம். பூச்சி, மண் போக இரண்டு முறை அலசித் துணியில் பரப்பி நீரை வடிய விடவும்.

காய்ச்சும் முறை

சுத்தம் செய்த இதழ் 300 கிராம், சர்க்கரை 2 கிலோ, சிட்ரிக் அமிலம் 10 கிராம், நல்ல தண்ணீர் ஒன்றேகால் லிட்டர் வேண்டும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரமே ஏற்றது. இரும்புச் சட்டியில் நிறம் கறுத்துவிடும். ஈயம் பூசாத பித்தளையையும் அலுமினியத்தையும் புளிப்பு அரிக்கும்.

இதழில் 50 கிராமைத் தனியே எடுத்து ஈரத்துணியில் மூடி வைக்கவும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொதி அடங்கியதும் மீதி இதழ்களைப் போட்டுப் பாதி சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்து மூடிவிட வேண்டும். ஆறேழு மணி நேரம் ஊறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி இலேசாகப் பிழியவும். வடிந்த சாறு சரியாக 1 லிட்டர் இருக்கட்டும். குறைந்தால் காய்ச்சி ஆறிய நீரால் நிரப்பிக்கொள்ளலாம்.

அமிலம் சேர்த்தவுடன் மங்கியிருந்த சாறு பளிச்சென்று சிவப்பாவதைக் காணலாம். இதழின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி புளிப்பில் சிவக்கும். உவர் நீரில் நீலம் பாய்ந்து அழுக்காகத் தெரியும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் போட்ட சர்பத் சாம்பல் நிறமாகிவிட்டது என்று வருந்துபவர்கள் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். சிட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால், அந்த அளவுக்குப் பூச்சாற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சாற்றில் சர்க்கரையையும் மீதி அமிலத்தையும் போட்டு மிதமான தீயில் கரைக்கவும். ஒரு கொதி வந்ததும் அழுக்கு நுரையை எடுத்துவிட்டு இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் பார்க்கவே கூடாது. மைசூர்பாகுக்குப் பதம் பார்த்துப் பழகிய கை இங்கேதான் தவறு செய்கிறது. கம்பிப் பதம் வரை காய்ச்சினால் மணம் முழுவதும் ஆவியோடு போய்விடும். பாட்டிலின் அடியில் சர்க்கரை கற்கண்டாக உறைந்துவிடும். பதத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட எடையால் பார்ப்பதே மேல். ஒரு லிட்டர் சாற்றுக்கு இரண்டு கிலோ சர்க்கரை என்றால் சர்க்கரையின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 66 ஆகிறது.

இறக்கிய உடனே, தனியே வைத்த 50 கிராம் இதழை மெல்லிய துணியில் முடிந்து பாகில் அமிழ்த்தி, கால் மணி நேரம் இறுக மூடி வைக்கவும். சர்பத்துக்கு உண்மையான மணம் தருவது இந்த முடிச்சுதான். முதலில் ஊறிய இதழின் மணத்தில் ஒரு பகுதி சர்க்கரை காய்ச்சும்போது போயிருக்கும். முடிச்சை எடுத்துவிட்டு, சூடு ஆறுமுன், கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து ஈரமின்றி உலர்த்திய கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி மூடவும். ஊற்றும்போது பாட்டிலும் சூடாக இருக்கட்டும். இல்லையேல் விரிசல் விடும். முக்கால் லிட்டர் பாட்டில் மூன்று நிறையும்.

கடையில் கிடைக்கும் சர்பத்தின் அடர்ந்த சிவப்பையும் மூக்கைத் துளைக்கும் வாசனையையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் அவை சேர்க்கப்பட்ட நிறமும் எசன்ஸும். வீட்டுச் சர்பத் வெளிர் ரோஜா நிறமாகவும் மென்மையான மணத்தோடும் இருக்கும். நிறம் கூட வேண்டுமானால், மருந்து படாத செம்பருத்தி இதழ் ஐந்தாறு பூவினுடையதைச் சேர்த்து ஊற வைக்கலாம். மணம் கூட வேண்டும் என்று பூசைக் கடைப் பன்னீரை ஊற்றுவது ஆபத்து. அது தெளிப்பதற்காக விற்கப்படுவது, குடிப்பதற்கு உரியதல்ல.

கெடாமல் இருக்க

சர்க்கரை விலையைப் பார்த்து ஒன்றரைக் கிலோவோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. இதில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் போடப்படுவதில்லை. அடர்ந்த பாகில் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிடைக்காமல் அவை வளர முடிவதில்லை. பாகு நீர்த்தால் ஈஸ்ட் பெருகி, நொதித்து, வாயு அடைத்து, மூடி தெறிக்கும். பாட்டிலே வெடிப்பதும் உண்டு. சர்க்கரையைக் குறைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் குறைந்த அளவில் தயாரித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நுரை, புளித்த வாடை, மேலே பூசணம் இவற்றில் ஏதாவது கண்டால் மறுபடி காய்ச்சிப் பயன்படுத்த எண்ணாமல் கொட்டிவிடுங்கள். அடியில் சர்க்கரை உறைந்தால் மட்டும் பயமில்லை. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் கரைந்துவிடும்.

விற்பனைக்குத் தயாரிப்பவர்கள் கிலோ சர்பத்துக்கு 0.7 கிராம் சோடியம் பென்சோயேட்டைச் சிறிது வெந்நீரில் கரைத்துக் கடைசியில் கலக்கலாம். அதற்கு மேல் போகக் கூடாது. எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் இதற்கு ஆகாது. அதிலிருந்து வரும் கந்தக வாயு ரோஜா நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவர்களும் பதிவு பெற்றாக வேண்டும்.

ஒரு பங்கு சர்பத்துக்கு ஐந்து ஆறு பங்கு குளிர்ந்த நீர் சேர்த்து, ஊறிய சப்ஜா விதை போட்டுக் கொடுக்கலாம். பாலில் கலப்பதானால் காய்ச்சி நன்கு குளிர வைத்த பாலாக இருக்கட்டும். சூடான பாலில் ஊற்றினால் புளிப்பு பட்டுத் திரிந்துவிடும். ஜவ்வரிசி, சேமியாப் பாயசத்திலும் இறக்கி ஆறியபிறகே சேர்க்க வேண்டும். கடற்பாசியில் செய்யும் இனிப்புக்கு இது நன்றாகப் பொருந்தும். நீரிழிவு நோயாளிகளுக்கு இது உகந்ததல்ல.

ஒரே நாளில் இதழ் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் குல்கந்து போடலாம். உலர்த்திய புது இதழும் சம எடை சர்க்கரையும் கண்ணாடி ஜாடியில் மாற்றி மாற்றி அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, மூன்று நான்கு வாரம் வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். நாள்தோறும் மாலையில் ஈரமில்லாத மரக் கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டு, ஜாடியைப் பனி படாமல் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும்.