முத்துப் பாரும் சங்கக் கணக்கும்



பொதுத் தொண்டுக்கென்று எழுந்த சங்கம் ஒன்று நலிவடையும்போது, அதன் நண்பர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பணம் இல்லை என்பது. அது பொய்யன்று. ஆயினும், பணம் வற்றுவதற்கு முன்பே வற்றிவிடும் பொருள் ஒன்று உண்டு. அதுவே செய்தி. யாருக்கு உதவி சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை, கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த மாதம் எவ்வளவு வேண்டும் என்னும் கேள்விகளுக்குச் சங்கத்தில் எவராலும் விடை சொல்ல இயலாத நாள் வருகிறது. கொடையாளர் கேட்கிறார்; விடை இல்லை; கொடை நிற்கிறது. பணமுடை அதன் பின்னரே தலைகாட்டுகிறது.

செய்தியைத் திரட்டி, சரிபார்த்து, பாதுகாத்து, வேண்டியவர் கையில் உரிய காலத்தில் சேர்க்கும் ஏற்பாட்டை இக்காலத்தார் தகவல் முறைமை என்பர். இச்சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் கணிப்பொறியே நினைவுக்கு வருகிறது. கணிப்பொறி அம்முறைமைக்கு வாய்த்த கருவிகளுள் ஒன்று. முறைமையோ அதற்கு நெடுங்காலம் முந்தியது. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தூத்துக்குடிக் கடலே போதும்.

மன்னார் வளைகுடாவில், கரைக்குச் சில கல் தொலைவில், கடலடியில் பாறைப் பரப்புகள் இருக்கின்றன. அவற்றைப் 'பார்' என்பர். தொள்ளாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. முத்துச் சிப்பிகள் இப்பார்களைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன. ஆனால், ஆண்டுதோறும் ஒரே அளவில் வளரவில்லை. சில ஆண்டுகள் கொழிக்கும். பின்னர்ப் பல்லாண்டுகள் பார் வெறுமையாய்க் கிடக்கும். மணல் மூடினால் சிப்பிகள் மடியும். திருக்கை முதலிய மீன்கள் அவற்றைத் தின்னும். மூன்றரை ஆண்டு முதிர்வதற்குள் எடுத்தால் முத்துச் சிறுத்திருக்கும். ஐந்தாறு ஆண்டு பொறுத்திருந்தால் சிப்பியே இறந்துபோம்.

எனவே, ஆட்சியாளர் முன் ஒரு கேள்வி நின்றது: இவ்வாண்டு முத்துச் சலாபம் நடத்துவதா, வேண்டாவா? சலாபம் என்று அறிவித்துவிட்டால் குளியாட்களும் படகுகளும் வணிகரும் திரளாக வந்து கூடுவர். கடலடியில் ஒன்றும் இல்லையானால் அத்தனை பேர் உழைப்பும் முதலும் வீண். இருந்தும் அறிவிக்காமல் விட்டாலோ, ஒரு தலைமுறைச் சிப்பி எவர்க்கும் பயனின்றி அழியும்.

இதற்கு விடை காண அவர்கள் செய்ததைக் கேளுங்கள். பாரின்மேல் ஆய்வுக் கப்பலை நிறுத்துவர். அதைச் சுற்றிப் படகுகள் வலம் வரும். இடைவெளி விட்டு விட்டுக் குளியாட்கள் இறங்குவர். ஒவ்வொருவரும் கொணர்ந்த சிப்பி எத்தனை, அதன் வயது என்ன, கீழே கண்டது பாறையா, மணலா என்பன உடனுக்குடன் எழுதப்படும். பிறகு சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பர். சல்லடைகள் பத்து. முதலாவதில் 20 துளைகள்; கடைசியில் 1000 துளைகள். எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுவே முத்தின் அளவு. அதன் பின்னர் உருவும் ஒளியும் நோக்கித் தரம் பிரித்து, 'ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு' என்று கணிப்பர். அந்த ஒற்றை எண்ணையும் பாரில் உள்ள சிப்பித் தொகையையும் வைத்தே சலாபம் முடிவு செய்யப்பட்டது. 1890இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட குறிப்புகளிலும், 1922இல் ஜேம்ஸ் ஹார்னெல் வெளியிட்ட நூலிலும் இக்கடலின் ஆய்வுகளையும் சலாபங்களையும் பற்றிய செய்திகளைக் காணலாம்.

இந்தப் பழைய ஏற்பாட்டில் நான் வியப்பது அதன் சிக்கனத்தை. முடிவு செய்ய வேண்டியது யாது என்பது முதலில் தெளிவாயிருந்தது. அம்முடிவுக்கு உதவுவதை மட்டுமே எண்ணினர். கடலடியைத் தம் கண்ணாற் கண்ட குளியாளிடமிருந்தே செய்தி பெற்றனர். குளிப்புக் காலம் வருமுன்பே அது வேண்டியவர் கைக்கு வந்தது. எவ்வூர் வணிகரும் ஒப்புக்கொள்ளும் பொது அளவாகச் சல்லடை இருந்தது. முடிவு, செய்தி, சொல்பவர், காலம், அளவு என்னும் இவ்வைந்தையும் மறவாதிருங்கள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். செய்தி சிப்பியை உண்டாக்காது. இவ்வளைகுடாவின் அக்கரையில், இலங்கைப் பார்களை 1906இல் ஒரு நிறுவனம் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது, 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே சலாபமே இல்லை, நிறுவனம் நொடித்தது. நம் கரையிலும் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபமே கடைசியாயிற்று. இல்லாததை இல்லை என்று காலத்தே சொல்வதும் நல்ல முறைமையின் கடமையே.

இனி, தொண்டுச் சங்கத்துக்கு வருவோம். இக்கரையில் சங்கு குளிப்போர், மீன் பிடிப்போர் குடும்பங்களுக்கு மருத்துவ உதவியும், பிள்ளைகளுக்குப் படிப்புதவியும், வலை வாங்கச் சிறு கடனும் தரும் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயலாளர் ஒருவர், ஊழியர் இருவர், அலமாரி நிறைய ஏடுகள். கடன் ஏட்டில் ஒருவர் 'பர்னாந்து'. மருத்துவ ஏட்டில் அவரே 'பெர்னாண்டோ'. படிப்புதவி ஏட்டில் அவர் மனைவியின் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்று ஏடுகளும் ஒரே குடும்பத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பது எவருக்கும் தெரியாது. ஒரே தெருவில் அதே பெயருடைய வேறு நால்வரும் இருப்பர். ஒரு குடும்பம் மூன்று உதவி பெற, அண்டை வீட்டுக் கைம்பெண் ஒன்றும் பெறாமற் போவது இப்படித்தான். இதில் வஞ்சகம் ஏதும் இருக்க வேண்டியதில்லை. ஏடுகள் ஒன்றோடொன்று பேசவில்லை, அவ்வளவே.

இந்நிலையில் நண்பர் ஒருவர், "கணிப்பொறி வாங்குங்கள், எல்லாம் சரியாகும்" என்பார். நான் அதற்கு முன் ஒரு தாளை எடுத்து ஐந்து பத்தி வரையச் சொல்வேன். முதற்பத்தியில், சங்கம் மாதந்தோறும் செய்யும் முடிவுகளை எழுதுக. யாருக்குக் கடன் தருவது? எந்தப் பிள்ளை படிப்பை விடும் நிலையில் இருக்கிறது? மருந்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? இரண்டாம் பத்தியில், அவ்வொவ்வொரு முடிவுக்கும் தெரிந்தாக வேண்டிய செய்தி. மூன்றாவதில், அச்செய்தி யாரிடம் இருக்கிறது என்பது. பள்ளிக்கு வராத பிள்ளையை ஆசிரியர் அறிவார். கடலுக்குப் போகாத படகைச் சம்மாட்டி அறிவார். நான்காவதில், அது எந்நாளுக்குள் வேண்டும் என்பது. ஐந்தாவதில், எந்தப் பொது அளவில் அதை எழுதுவது என்பது. பெயருக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஓர் எண் தருவது இங்கே சல்லடையின் வேலையைச் செய்யும்.

இத்தாளை நிரப்பியதும் இரண்டு உண்மைகள் புலப்படும். எவ்வகை முடிவுக்கும் உதவாத பல ஏடுகளை ஊழியர் நாள் முழுதும் எழுதிக்கொண்டிருக்கின்றனர் என்பது ஒன்று. இன்றியமையாத செய்தி எந்த ஏட்டிலும் இல்லை என்பது மற்றொன்று. கொடையாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு படிவம் கேட்பதால், ஒரே கணக்கை நான்கு விதமாக எழுதுவதிலேயே ஊழியரின் பொழுது கழியும். ஒரு முறை எழுதியதை நான்கு படிவத்துக்கும் பயன்படுத்தும் வழி கண்டால், ஓர் ஊழியரை முழுதாகத் தொண்டுக்குத் திருப்பலாம். கணிப்பொறி வேண்டியிருப்பது அந்த இடத்திலேதான். அதை வாங்கும்போது விலையோடு பழுதுபார்க்கும் செலவையும், பயிற்சியையும், அதை அறிந்த ஒருவர் விலகினால் அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒருவர் நோயும் கடனும் ஊரார் படிக்கும் செய்தியாகாமல் காப்பதும் இதிலே அடங்கும்.

கற்பனைச் சங்கத்தோடு நில்லாமல், நடந்த ஒன்றையும் கூறுகிறேன். சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரச் சிற்றூர்களில் அறிவு மையங்கள் தொடங்கும் முயற்சியில் இறங்கியது. கருவிகளை இறக்குமுன் அது, மக்கள் எச்செய்தியை யாரிடமிருந்து பெறுகின்றனர் என்று கேட்டறிந்தது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கேட்கப்பட்ட செய்தி அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட முன்கணிப்பை மையத்தார் எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடற்கரையில் வலை செப்பனிடுபவர் கணிப்பொறித் திரையின் முன் வந்து அமரமாட்டார். அவர் செவிக்கு எட்டுவது குரல். தேவை இன்னதென்று அறிந்ததனாலேயே ஒலிபெருக்கி அங்கே இடம் பெற்றது.

அதன் அருமை 2004 டிசம்பர் 26ஆம் நாள் விளங்கிற்று. அதே வட்டாரத்து நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துவந்தார். அவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அவ்வெச்சரிக்கையை ஊர் முழுதும் முழங்கியது. மக்கள் கரையை விட்டு ஓடினர். ஆழிப்பேரலை வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோயிற்று; மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊர் மக்கள் உயிர் பிழைத்தனர்.

இதற்கு மறுதலையான துயரத்தையும் நம் தென்கரை கண்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது கடலில் இருந்தோர் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன எண்ணும் மீனவர் அமைப்புகள் சொன்ன எண்ணும் வேறுபட்டன. எந்தப் படகில் எவரெவர் சென்றனர், என்று திரும்புவர் என்னும் செய்தி ஒரே இடத்தில் இல்லாதபோது, தேடுவோர்க்கு எண்ணும் இல்லை, திசையும் இல்லை. புறப்படும் படகின் பெயர், செல்வோர் பெயர், திரும்பும் நாள் ஆகிய மூன்றையும் நாள்தோறும் எழுதும் ஓர் ஏட்டை எந்தச் சிறு சங்கமும் வைத்துக்கொள்ளலாம். அதன் விலை சில ரூபாய். அது இல்லாததன் விலையை அக்கரைக் குடும்பங்கள் அறியும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் நலிந்த படிப்பகம், கூட்டுறவுச் சங்கம், மாதர் கழகம் என ஏதேனும் ஒன்று இருக்கும். விடுமுறையில் இருவர் மூவராகச் சென்று, அதன் பொறுப்பாளர் இசைவு பெற்று, நான் சொன்ன ஐந்து பத்தித் தாளை நிரப்பிப் பாருங்கள். செயலாளரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏடு எழுதும் ஊழியரையும், உதவி கேட்டு வாசலில் நிற்பவரையும் கேளுங்கள். கடலடியை அறிந்தவன் குளியாள் அல்லவா? நிரப்பிய தாளைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, எந்த ஏட்டை மூடலாம், எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்று அவரோடு அமர்ந்து பேசுங்கள். கணிப்பொறி வாங்குவது பற்றிய பேச்சு அதற்குப் பின் வரட்டும்.