அலைநீள எல்லைக்குக் கீழே ஒளியைக் குவித்தல்: அண்மைப்புல ஒளியியலின் அடிப்படையும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

வில்லைகள் ஒளியைக் குவிக்கும் நுண்மைக்கு அலைநீளம் ஓர் எல்லையை விதிக்கிறது. நானோ அளவிலான துளைகளும் உலோக முனைகளும் அவ்வெல்லைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் முறையையும் அதன் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விளிம்பு விளைவு, அண்மைப்புலம், பிளாஸ்மான், பிரிதிறன்.

முன்னுரை

நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கு எல்லை உண்டு என்பதை 1873-இல் எர்ன்ஸ்ட் அபே எடுத்துரைத்தார். அலைநீளத்தை எண்ணியல் துளையின் இருமடங்கால் வகுக்க அவ்வெல்லை கிடைக்கும். 500 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு, எண்ணியல் துளை 1.4 உடைய எண்ணெய் அமிழ்வு வில்லையிலும் இது ஏறத்தாழ 180 நானோமீட்டராகும். வில்லையை எவ்வளவு செம்மையாகக் கடைந்தாலும் இவ்வளவு குறைவதில்லை.

எல்லையின் காரணம்

பொருளின் மிக நுண்ணிய விவரங்களைத் தாங்கும் அலைகள் அதன் மேற்பரப்பை விட்டு வெளியே பரவுவதில்லை. சிறு தொலைவிலேயே தேய்ந்து மறைகின்றன. தொலைவிலுள்ள வில்லையை அவை எட்டாமையால் அவ்விவரங்கள் இழக்கப்படுகின்றன. மேற்பரப்பை ஒட்டிய இப்பகுதியே அண்மைப்புலம் எனப்படும்.

துளைவழி முறை

ஒளிபுகாத் தகட்டில் அலைநீளத்தினும் சிறிய துளையிட்டு, அதனைப் பொருளுக்கு மிக அருகில் நகர்த்திப் படம் பெறலாம் என 1928-இல் எட்வர்ட் ஹட்சின்சன் சிங் முன்மொழிந்தார். 1972-இல் ஆஷ், நிக்கோல்ஸ் இருவரும் 3 சென்டிமீட்டர் நுண்ணலைகளைக் கொண்டு அலைநீளத்தில் 60-இல் ஒரு பங்கு பிரிதிறனைப் பெற்றனர். கட்புலனாகும் ஒளியில் 1984-இல் போல் குழுவினர் 20-இல் ஒரு பங்கை எட்டினர்.

இம்முறையின் இடர்ப்பாட்டை ஹான்ஸ் பெத்தேயின் 1944-ஆம் ஆண்டுக் கோட்பாடு காட்டுகிறது. துளையின் ஆரம் பாதியானால், அதன்மீது விழும் ஒளியில் கடந்து செல்லும் விகிதம் 16-இல் ஒரு பங்காகக் குறைகிறது. துளை சிறுக்கச் சிறுக்கப் பிரிதிறன் கூடும். ஆனால் காண்பதற்குரிய ஒளியே எஞ்சாது.

உலோக முனை

தங்கம், வெள்ளி ஆகியவற்றின் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு இணைந்து அலைவுறும். கூரிய முனையில் மின்னூட்டம் செறிவதால் அங்குப் புலம் பன்மடங்கு வலுப்பெறுகிறது. குவியும் இடத்தின் அளவை இங்கு அலைநீளத்தைவிட முனையின் வளைவு ஆரமே பெரிதும் தீர்மானிக்கிறது. எனினும் உலோகம் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. வெப்பத் துணையுடன் தரவு பதியும் வன்தட்டுகளில் இத்தகைய தங்க அமைப்பே பதிவுப் புள்ளியைச் சூடாக்குகிறது. அவ்வமைப்பு தானே வெப்பத்தால் உருக்குலையாமல் காப்பது அங்கு முதன்மைச் சிக்கலாகும்.

முடிவுரை

இம்முறைகள் அபேயின் விதியைப் பொய்ப்பிக்கவில்லை. அவ்விதி தொலைவுக்குப் பரவும் அலைகளுக்குரியது. இவையோ பரவாத அலைகளைப் பயன்கொள்கின்றன. ஆகவே, முனை பொருளிலிருந்து சில பத்து நானோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். மேற்பரப்பை ஆராய்வதற்கு இது ஏற்றது. உயிரணுவின் ஆழத்தைக் காண்பதற்கு ஏற்றதன்று.