காற்றில் சாயும் காப்புச் சரம்

நெடிதுயர்ந்த மின்கோபுரங்களின் கைகளினின்று, பீங்கான் வட்டுகளைக் கோத்தாற்போல் தொங்குவன காப்புச் சரங்கள். கம்பியைத் தாங்குவதும், அதன் மின்சாரம் கோபுர இரும்பை எட்டாது தடுப்பதும் அவற்றின் பணிகளாம்.

புயற்காற்று வீசுங்கால் கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும்; சரமும் உடன் சாயும். சாய்வு மிகுந்து கம்பி கோபுரத்தை நெருங்கின், இடைநின்ற காற்றின் வழியே மின்பொறி பாயும். தடம் துண்டிக்கப்பட்டு ஊர்கள் இருளில் மூழ்கும். எனவே, சாய்கோணத்தை முன்னரே கணித்தல் இன்றியமையாதது.

நேர்த்தடத்தில் இக்கணக்கு எளிது. கம்பியைத் தள்ளும் காற்றுவிசையை, கீழிழுக்கும் எடையால் வகுத்தால் சாய்கோணத்தின் தொடுகோட்டு விகிதம் கிடைக்கும். சரத்தின்மீது படும் காற்றுவிசையிலும் சரத்தின் எடையிலும் பாதியை முறையே கூட்டிக்கொள்வர். இவை சிறியன, ஈண்டு விடுப்போம்.

இந்தியாவில் 220 கிலோவோல்ட் தடங்களில் பயிலும் ‘ஜீப்ரா’ கம்பியின் விட்டம் 28.62 மி.மீ.; எடை மீட்டருக்கு 1.621 கிலோ. கோபுர இடைவெளி 350 மீட்டர், காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 45 கிலோ எனக் கொள்வோம். காற்றுவிசை 451 கிலோ. எடை 567 கிலோ. கோணம் ஏறத்தாழ 38½ பாகை. 2.3 மீட்டர் நீளமுள்ள சரத்தில் கம்பி 1.4 மீட்டர் விலகும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. காற்றுவிசைக்குரிய நீளம், இருபக்க இடைவெளிகளின் கூட்டுத்தொகையிற் பாதி. எடைக்குரிய நீளமோ, இருபுறமும் கம்பி தொய்ந்து தாழும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு. பள்ளத்தில் நிற்கும் கோபுரத்திற்கு இத்தொலைவு குறுகும். அது 250 மீட்டராயின், எடை 405 கிலோவாகக் குறைந்து, கோணம் 48 பாகையாக உயரும். காற்றும் அதுவே, கம்பியும் அதுவே, நிலம் மட்டுமே வேறு! இத்தகைய இடங்களில் சரத்தின் அடியில் எடைக்கட்டிகளைத் தொங்கவிடுவர். அன்றி, இரு சரங்களை ‘வி’ வடிவிற் பூட்டிச் சாய்வைத் தடுப்பர்.

இக்கணக்கிற்கு உதவும் தொடுகோட்டு விகிதத்திற்குப் பத்தாம் நூற்றாண்டிலேயே பட்டியல் வகுத்தவருள் ஒருவர், பாக்தாதில் ஆய்ந்த அபுல் வஃபா (940-998). அன்று வானை அளக்க உதவிய கணிதம் இன்று கோபுரத்தைக் காக்கிறது.

பிறர் உயிரும் ஒளியும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சமவெளிக்குரிய விடையைப் பள்ளத்திற்கும் எழுதிவிடாமல், ஒவ்வொரு கோபுரத்திற்கும் தனித்தனியே கணித்தலே அதனைப் பேணும் முறையாகும்.