பந்தியில் பிந்தியவர்கள்



திருப்பலியில் வாசிக்கப்படும் புனித பவுலின் திருமுகங்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், அவற்றை முதலில் பெற்ற மக்கள் எதைப் பெருமையாகவும் எதை இழிவாகவும் கருதினார்கள் என்பதை அறியும்போதே அவற்றின் கூர்மை நமக்குப் புலப்படும். கி.பி. 50களில் எழுதப்பட்ட கொரிந்தியருக்கான முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் இதற்கு நல்ல சான்றாகும்.

கி.மு. 146இல் உரோமையரால் அழிக்கப்பட்ட கொரிந்து நகர், கி.மு. 44இல் யூலியு சீசரின் ஆணையால் மீண்டும் குடியேற்றப்பட்டது. அவ்வாறு குடியேறியோருள் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பழைய குலப்பெருமை இல்லாத அந்நகரில், செல்வமும் பதவியும் அடைந்தோர் அவற்றை ஊரறியக் காட்டி மதிப்புத் தேடினர்.

அம்மதிப்பைக் காட்டும் சிறந்த களம் விருந்தே. உரோமை வீட்டு உணவறையில் வழக்கமாக மூன்று சாய்வுக் கட்டில்கள் இருக்கும். ஒன்பது பேர் சாய்ந்து உண்பர். யாருக்கு எந்த இடம் என்பதைத் தகுதியே தீர்மானித்தது. உணவிலும் வேறுபாடு இருந்தது. உரோமை எழுத்தாளர் இளைய பிளினி, தாம் உண்ட விருந்தொன்றைக் கடிதம் ஒன்றில் விவரிக்கிறார். வீட்டுத் தலைவருக்கும் சிலருக்கும் சிறந்த உணவு. ஏனையோருக்கு மலிவான சிறு துண்டுகள். திராட்சை இரசமும் விருந்தினரின் தரத்திற்கேற்ப மூன்று வகையாக வழங்கப்பட்டது. பிளினி இதனைக் கண்டித்தார். பலருக்கோ இது இயல்பான வழக்கம்.

கோவில்கள் இல்லாத அக்காலத்தில் கிறிஸ்தவர்கள் வீடுகளிலேயே கூடினர். விருந்து வழக்கமும் அவர்களோடு உள்ளே நுழைந்தது. வசதியுள்ளோர் முந்தி உண்டனர். உழைப்பு முடிந்து பிந்தி வந்த அடிமைகளும் ஏழைகளும் பசியோடிருந்திருப்பர் என அறிஞர் கருதுகின்றனர். ஒருவர் பசித்திருக்க மற்றவர் வெறிகொள்கிறார் எனப் பவுல் சாடுகிறார். பசியை மட்டும் அவர் குறிப்பிடவில்லை. இல்லாதவரை வெட்கமுறச் செய்வதையே பெருங்குற்றமாகக் காண்கிறார். மானமே உயிரென மதித்த சமுதாயத்தில் அதனினும் கொடிய காயம் வேறில்லை. அத்தகைய உணவு ஆண்டவரின் திருவிருந்தே அன்று எனவும் துணிந்து கூறுகிறார்.

அதற்கு அவர் காட்டும் வழி எளியது: ஒருவர் மற்றவருக்காகக் காத்திருத்தல். அடிமை காத்திருப்பதும் தலைவர் காக்கவைப்பதுமே அன்றைய முறை. பவுலோ வீட்டுத் தலைவரை அடிமைக்காகக் காத்திருக்கச் சொல்கிறார்! அடுத்த அதிகாரத்தில், மதிப்புக் குறைந்ததாக எண்ணப்படும் உறுப்புக்கே இறைவன் மிகுந்த மதிப்பளித்தார் என விளக்குகிறார்.

அன்புக்குரியவர்களே, நம் இல்ல விருந்திலும் பங்கின் திருவிழாவிலும் முன்வரிசை யாருக்காக ஒதுக்கப்படுகிறது? யார் வரும்வரை நாம் காத்திருக்கிறோம்? யார் வராவிடினும் பந்தியைத் தொடங்கிவிடுகிறோம்? அடுத்த ஞாயிறு நற்கருணை பெறச் செல்லுமுன், நமக்குப் பின்னால் நிற்பவரை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.