இடக்கையின் வெறுமை

கணினி விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு. அதன்கண் இலக்கியச் சுவை காண்டல் அரிது என்றே எண்ணியிருந்தேன். மகனின் வற்புறுத்தலால், சென்ற விடுமுறையின் இறுதிநாளில் யான் ஆடிமுடித்த விளையாட்டொன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

'பிரதர்ஸ்: எ ரேல் ஒவ் ரூ சன்ஸ்' என்பது அதன் பெயர். லெபனானிற் பிறந்து சுவீடனில் வளர்ந்த திரைப்பட நெறியாளர் ஜோசப் பாரெஸ் நெறிப்படுத்த, 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயுற்ற தந்தைக்கு மருந்துநீர் தேடித் தமையனும் தம்பியும் புறப்படுகின்றனர். ஆடுவோன் கைக்கருவியில் இடக்கையால் தமையனையும் வலக்கையால் தம்பியையும் ஒருங்கே இயக்குதல் வேண்டும். தாய் நீரில் மூழ்கி இறந்தமையால் தம்பி நீருக்கு அஞ்சுபவன். தமையன் முதுகைப் பற்றியே நீரைக் கடப்பான்.

இடைவழியில் தமையன் இறக்கின்றான். அதன்பின் இடக்கைக்குத் தொழில் இல்லை. மருந்துடன் தனியே மீளும் தம்பியை ஊரருகே நீர் மறிக்கின்றது. வலக்கை எத்துணை முயன்றும் அவன் நீந்தான். தமையனுக்குரிய இடக்கை விசையை அழுத்தியதும் நீந்துகின்றான்!

தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவினையும் ஒன்றாக வைத்தார். இழவினைச் சொல்லால் உணர்த்துதலே நாம் பயின்ற நெறி. இவ்விளையாட்டோ கையின் வெறுமையால் உணர்த்திற்று. தொடக்கமுதல் கைகள் பழகியதெல்லாம் அவ்வொரு கணத்துக்காகவே அமைந்தது; மிகையென்று நீக்கத்தக்கது ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வகுப்பிற் கரும்பலகை முன் நின்றபோது, மணலில் என் விரல்பற்றி எழுத்துப் பழக்கிய, இன்று இல்லாத என் தமையனாரை நினைந்தேன். வெண்கட்டி சிறிதுநேரம் எழுதாமலே கையில் இருந்தது.