பழைய காய்ச்சல் தந்த காவல் எவ்வளவு தூரம் வரும்?

ஃப்ளூ தடுப்பூசி போடாதவர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் காய்ச்சலில் படுத்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் 2006 முதல் 2011 வரை நடந்த ‘ஃப்ளூ வாட்ச்’ ஆய்வு இதை ரத்தப் பரிசோதனை மூலம் காட்டியது. தடுப்பூசி போடாதவர்களில் சராசரியாக 18 சதவீதம் பேருக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் இன்ஃப்ளூயன்சா தொற்றியது. தொற்றியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறியே தெரியவில்லை.

இவர்களைக் காத்தது எது?

முன்பு வந்துபோன தொற்றுகள் உடலில் இரண்டு வகைக் காவலை விட்டுச் செல்கின்றன. முதலாவது, ஆன்டிபாடி. இது வைரஸின் மேற்புறப் புரதங்களைப் பற்றிக்கொண்டு, அது செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. இரண்டாவது, டி செல்கள். இவை வைரஸின் உட்புறப் புரதங்களை நினைவில் வைத்திருந்து, தொற்றிய செல்களை அழிக்கின்றன. தொற்றை இவை தடுப்பதில்லை; நோயின் கடுமையைக் குறைக்கின்றன. இத்தகைய டி செல்கள் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அறிகுறிகள் குறைவாக வந்ததை அதே ஆய்வு கண்டது.

இந்த நினைவு பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. 1918 முதல் பரவிய எச்1என்1 வகை, 1957-இல் மறைந்து 1977-இல் திரும்பி வந்தது. அப்போது பெரும்பாலும் இளைஞர்களையே அது தாக்கியது. சிறுவயதிலேயே அந்த வகையைச் சந்தித்திருந்த மூத்தவர்கள் பெருமளவு தப்பினார்கள்.

அப்படியானால் தடுப்பூசி எதற்கு?

வைரஸ் தன் மேற்புறப் புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய ஆன்டிபாடிக்குப் புதிய உருவம் பிடிபடாமல் போகலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியின் கலவையை மறுபரிசீலனை செய்கிறது. மேலும், இயற்கை எதிர்ப்பாற்றலைப் பெற ஒருமுறையாவது நோய்த்தொற்றுக்கு ஆளாக வேண்டும். கைக்குழந்தைக்கு அந்த முன்னனுபவம் இல்லை. முதுமையில் எதிர்ப்பாற்றலே தளர்கிறது. பருவகால இன்ஃப்ளூயன்சாவால் உலகில் ஆண்டுதோறும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை மூச்சுக்கோளாறு ஏற்பட்டு இறப்பதாக அந்த நிறுவனம் மதிப்பிடுகிறது.

‘எனக்கு ஃப்ளூ வந்ததே இல்லை’ என்பவருக்கும் அறிகுறியின்றி அது வந்து போயிருக்கலாம். அடுத்த முறையும் அப்படியே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் பழைய காய்ச்சலின் காவலை மட்டும் நம்பியிருக்காமல், மருத்துவரிடம் கேட்டு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.