ஈரக் களிமண்: கொல்கத்தா மழையும் அதன் கலைகளும்

1984 ஜூன் மாதம், வங்கியின் மாற்றல் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹௌரா வந்து இறங்கினேன். மெட்ராஸில் ஏறும்போது கத்திரியின் மிச்சம் முதுகில் எரிந்துகொண்டிருந்தது. ஹௌராவில் மழை. நின்றதும் கிளம்பலாம் என்று பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். நம் ஊரில் மழைக்கு ஒதுங்குவது என்றால் அரைமணி, மிஞ்சினால் ஒருமணி. இரண்டு மணி நேரம் கழிந்த பிறகு ஒரு போர்ட்டர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்போது எனக்கு வங்காளி தெரியாது. 'பூஜோ' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. பிற்பாடு யோசித்துப் பார்த்ததில், "துர்கா பூஜை வரைக்கும் இங்கேயே உட்காரப் போறீங்களா?" என்றுதான் அவர் கேட்டிருக்க வேண்டும்.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பணி ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. (பெயரை மாற்றி எத்தனையோ வருடம் ஆகியும் எனக்கு வாயில் வருவது 'கல்கத்தா'தான், எழுதும்போது மட்டும் கொல்கத்தா.) ஊருக்குப் போனால் உறவினர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "எப்பப் பாத்தாலும் தண்ணி தேங்கி நிக்குதாமே, எப்படித்தான் இருக்கீங்க?" என்பது ஒரு சாரார். "தாகூர் ஊரு, மழை, காபி ஹவுஸ், கவிதை! கொடுத்து வெச்சவர்" என்பது இன்னொரு சாரார். இரண்டும் பாதி உண்மை. இரண்டு பாதியும் எங்கே ஒட்டுகின்றன என்பதை நான் கண்ட அளவில் சொல்லப் பார்க்கிறேன். இந்த ஊர்க் கலைஞனுக்கு மழை பாடுபொருள் மட்டுமல்ல. அவனுடைய வேலைக்கு அதுதான் பஞ்சாங்கம். அதற்கு அவன் கொடுக்கும் விலை நம் கண்ணில் படுவதில்லை.

முதலில் இரண்டு ஊர் மழைக்கும் உள்ள வேறுபாடு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. கொல்கத்தாவில் 1,700க்கு மேல். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் வந்தால் கொட்டும், இல்லாவிட்டால் ஏமாற்றும். இங்கே ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் அக்டோபர் வரை இழுக்கும். வங்காளிகளும் நம்மைப் போலவே ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தவர்கள். ஆஷாட், ஷ்ராபோன் இரண்டும் அவர்களுக்கு வர்ஷா. நம் கணக்கில் ஆனியும் ஆடியும். நம் நூல்கள் கார்காலம் என்று சொல்லும் ஆவணி, புரட்டாசி வரும்போது இவர்களுக்குச் சரத் பருவம் தொடங்கிவிடுகிறது. வானம் முழுக்க வெளுக்காவிட்டாலும் ஆற்றோரம் நாணல் இனத்துக் 'காஷ்' பூ வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதில் ஓர் அழகு உண்டு. நம் முல்லைத்திணையில் கார்காலம் என்பது பிரிந்துபோன தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற பருவம். மேகம் திரண்டும் அவன் வரவில்லையே என்று தலைவி கலங்குவாள். வங்காளத்தில் மழை முடிந்த சரத்தில் வீடு திரும்புகிறவள் மகள். கைலாசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன உமா, நான்கு நாள் தாய் வீட்டுக்கு வருகிறாள். அவளை எதிர்பார்த்துத் தாய் மேனகை ஏங்கும் ஆகமனிப் பாடல்கள் இங்கே ஒரு தனி வகை. அங்கே மழை வந்தால் கணவன் வருவான். இங்கே மழை போனால் மகள் வருவாள். காத்திருப்பு மட்டும் ஒன்றுதான்.

அந்த மகளை மண்ணில் செய்கிற இடம் குமார்டுலி. வட கொல்கத்தாவில் ஷோபாபஜாரை ஒட்டி, ஆற்றங்கரைப் பக்கம் உள்ள குயவர் குடியிருப்பு. குமார் என்றால் குயவர். சந்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தலையில்லாத வைக்கோல் உடம்புகள் நிற்கும். முதல் முறை பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ரத யாத்திரை நாளில் சட்டத்துக்குப் பூஜை போட்டு வேலை தொடங்குவது மரபு. ரத யாத்திரை வருவதோ மழை பிடிக்கிற ஆனி வாக்கில். ஆக, முழு வேலையும் மழைக்குள்தான் நடந்தாக வேண்டும்.

மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி உடம்பு பிடிக்கிறார்கள். அதன்மேல் பிசுபிசுப்பான ஆற்றுக் களிமண்ணை உமி கலந்து அப்புகிறார்கள். அது காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் குழைத்த மண்ணையும் அதில் நனைத்த துணியையும் ஒட்டி அடைத்து, மேலே மணல் கலந்த நைசான மண்ணைப் பூசி வழவழப்பாக்குகிறார்கள். முகத்தை அச்சில் எடுத்துத் தனியாக வைத்து, பிறகு பொருத்துவார்கள். வெள்ளை பூசும்போது வண்ணம் பிடிப்பதற்குப் புளியங்கொட்டைப் பசை சேர்ப்பது பழைய வழக்கம். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே காய வேண்டும். அங்கேதான் சங்கடம். ஷ்ராபோன் மாதத்து ஈரக்காற்றில் மண் காயாது. பூஜைத் தேதியோ திதியைப் பார்த்து வருவது; தள்ளிப்போடச் சொல்ல முடியாது. கேஸ் சிலிண்டரில் குழாய் மாட்டி, நெருப்பைச் சிலைமேல் காட்டிக் காட்டி உலர்த்துவார்கள். அப்படிச் செய்தால் மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். மறுநாள் பார்த்தால் புதிதாக ஒரு வெடிப்பு.

எனக்குப் பல ஆண்டாகப் பழக்கமான ஒரு சிற்பி அங்கே இருக்கிறார். நான் போனால் "வாங்க மாத்ராஜி தாதா" என்று ஒரு ஸ்டூலைத் தட்டிப் போடுவார். ஒருமுறை, மழையில் ஊரே அழகாக இருக்கிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். பாலிதீன் விரிப்பை இழுத்துக் கட்டிக்கொண்டே, "அழகுதான் தாதா. இந்த மாசம் எத்தனை சிலிண்டர் வாங்கியிருக்கேன்னு கேளுங்க. முன்பணம் கொஞ்சம்தான் கொடுக்கிறாங்க, பாக்கி எல்லாம் தாகுர் வண்டி ஏறினாத்தான். அதுக்கு முன்னால கால் நனைஞ்சு கரைஞ்சா அது என் கால்தான்" என்றார். (தாகுர் என்றால் இங்கே சாமி சிலை.) அதற்கப்புறம் அவரிடம் மழையைப் புகழ்வதில்லை.

மண் மட்டுமல்ல, சிலைக்குப் போடும் அலங்காரமும் தண்ணீரின் பிள்ளை. வெள்ளை வெளேரென்ற கிரீடமும் மாலையும் 'ஷோலா' என்ற சதுப்புச் செடியின் தண்டில் செய்வது. இதைப் பார்த்ததும் நம்மவர்கள் தெர்மாகோல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நம் நெட்டிதான்! மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும், தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் மாதிரி செய்யும் நெட்டி வேலையும் இதே இனத்துச் செடியில்தான். தேங்கிய நீரில் வளர்வது. சதுப்பைத் தூர்த்து வீடு கட்டினால் அம்மனுக்குக் கிரீடம் இல்லை. இன்னொன்று: பூஜை நடக்கும் இடத்தை இவர்கள் 'பாண்டேல்' என்கிறார்கள். நம் 'பந்தல்' ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. 2021இல் கொல்கத்தா துர்கா பூஜை யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் தெருப் பந்தலில் லட்டு கொடுத்தார்கள். நானும் என் பங்குக்கு, சொல் எங்களுடையது என்று சொல்லி இரண்டாவது லட்டு வாங்கினேன்.

எழுத்துக்கும் இதே பஞ்சாங்கம்தான். பூஜையை ஒட்டி வங்காளப் பத்திரிகைகள் 'சாரதீயா' சிறப்பிதழ் போடும். சத்யஜித் ராயின் ஃபெலுதா துப்பறியும் கதைகளில் பலவும் இப்படிப் பூஜை இதழ்களில்தான் முதலில் வந்தன. இதழ் சரத்தில் வர வேண்டுமானால் எழுத்தாளர் மழையில் எழுதித்தான் ஆக வேண்டும். நம் தீபாவளி மலரும் இந்த மாதிரிதான், ஆனால் தலைகீழ்: நம் எழுத்தாளர் ஆடிப் புழுக்கத்தில் எழுதுவார், மலர் வீட்டுக்கு வரும்போது மழை. பாட்டைக் கேட்கவே வேண்டாம். ரவீந்திரநாத்தின் பருவப் பாடல்களில் மழைக்கு உரியவை மட்டும் நூற்றுக்கு மேல். வேறெந்தப் பருவத்துக்கும் அவ்வளவு இல்லை. அவர் 1941இல் மறைந்ததும் ஷ்ராபோன் 22ஆம் நாள். வருடாவருடம் அந்த நாளில் அநேகமாக மழை பெய்யும். பெய்யாவிட்டால் வங்காளிகளுக்கு ஏதோ குறை.

இந்தத் தீபாவளி மலர்ப் பேச்சில் எனக்குச் சொந்த வலி ஒன்று உண்டு. என் தகப்பனார் ஐம்பதுகளிலிருந்து விகடன், கல்கி, கலைமகள் மலர்களைச் சேர்த்து, காலிகோ போட்டுப் பைண்டு செய்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவற்றை இங்கே கொண்டுவந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். 1986 செப்டம்பரில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்தது. விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினால் கணுக்கால் வரை தண்ணீர். பெட்டி கட்டிலுக்கு அடியில்.

மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மாளை நாங்கள் மாஷிமா என்போம். சித்தி, பெரியம்மா முறை. கீழே வந்து பார்த்தார். நான் புத்தகங்களை மொட்டை மாடிக்குத் தூக்கப் போனேன். "வேண்டாம் பாபா, வெயில்ல போட்டா நெளிஞ்சு போயிடும். நிழல்லயே வை. பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பரைச் செருகி, மின்விசிறியைப் போடு. அவசரப்படாதே" என்றார். மூன்று நாள் அவரும் என் மனைவியும் பக்கம் பக்கமாகத் தாள் மாற்றினார்கள். எங்கள் மொழியில் ஓர் எழுத்துக்கூட மாஷிமாவுக்குத் தெரியாது. படங்களைப் பார்த்து, "இது உங்க பூஜை இதழா?" என்று கேட்டார். அவருடைய அலமாரியிலும் அதே மாதிரி வரிசை இருந்தது. பாதிக்கு மேல் பிழைத்தன. வழவழப்புத் தாளில் அச்சான வண்ணப் பக்கங்கள் மட்டும் கல் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டன.

தண்ணீர் ஏன் இப்படி நிற்கிறது? பக்கத்திலேயே ஹூக்ளி இவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறது, வடிந்துவிட வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆறு தன் வண்டலைத் தானே கரையில் போட்டு மேடாக்கிக்கொண்டது. ஊர் அந்த மேட்டிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே கழிவுநீரும் மழைநீரும் பெரும்பாலும் ஆற்றுக்குப் போவதில்லை, எதிர்த் திசையில் போகின்றன. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சாக்கடைகளும் பம்பு நிலையங்களும் இந்தச் சரிவை நம்பித்தான் அமைந்தன. ஆற்றுப் பக்கம் திறக்கும் மதகுகளையும் கடல் ஏற்றத்தின்போது மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வந்துவிடும். ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்தால் தொலைந்தோம். கிழக்கே உள்ள சதுப்புநிலம் சுமார் 12,500 ஹெக்டேர். அங்கே நகரத்தின் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, வெயிலாலும் பாசியாலும் தெளியவைத்து, மீன் வளர்க்கிறார்கள். என் நண்பர்கள் தட்டில் விழும் ரோகுவும் கட்லாவும் பல அங்கிருந்து வருபவை. 2002இல் அது ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அந்த நிலத்தின் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜ்யோதி கோஷ் என்ற பொறியாளர், 2018இல் காலமானார். அப்படியும் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கோபமாக வருகிறது.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது ஊரடங்கு. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைக்காரர்களால் கடைக்கு வந்து பார்க்கக்கூட முடியவில்லை. மறுநாள் அந்தத் தெருவில் புத்தகங்கள் மிதந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடைபாதையில் மரப்பெட்டிக் கடை வைத்திருப்பவர்கள் அவர்கள். தண்ணீர் வந்தால் தூக்கிவைக்க மாடி கிடையாது. மழை நாளில் அவர்களிடம் கவிதைப் புத்தகம் வாங்கிக்கொண்டு காபி ஹவுஸ் மாடிக்கு ஏறிய எத்தனையோ மாலைகள் எனக்கு உண்டு. படத்தைப் பார்த்த அன்றுதான், அந்த மாலைகளுக்கு நான் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், அவர் தெருவில் நின்றார் என்று உறைத்தது.

2025 செப்டம்பர் 22 இரவு மகாளயம் கழிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. விடிவதற்குள் சுமார் 250 மில்லிமீட்டர். மின்சாரம் பாய்ந்த தண்ணீரில் கால் வைத்து இறந்தவர்கள்தான் அதிகம். பலி எண்ணிக்கை பத்தைத் தொட்டது. காலேஜ் ஸ்ட்ரீட்டில் மறுபடியும் புத்தகங்கள் நனைந்தன. பாதி கட்டிய பந்தல்கள் தண்ணீரில் நின்றன. இப்போது நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. அப்பாவின் மலர்கள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. ஆனாலும் அன்று விடியற்காலை எழுந்து விளக்கைப் போட்டு முதலில் தரையைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சிற்பிக்குப் போன் செய்தேன். பின்னணியில் சிலிண்டர் நெருப்பின் உஸ்ஸென்ற சத்தம் கேட்டது.

"முகம் தப்பிச்சுது தாதா. பெரிய சிலை முன்னாடியே போயிடுச்சு. வீட்டுப் பூஜைச் சிலைங்க நாலுதான் நிக்குது. அதுல ரெண்டுக்குக் காலை மறுபடி பூசணும். புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக்கிட்டிருக்கேன். சஷ்டிக்கு மூணு நாள் இருக்கு. போனை வெச்சிடட்டுமா?"